கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேய்க்கதை சொல்லுங்கள்

நாடக அரங்கின் நிர்வாகக் குழுவினருக்கும், அங்கே 'பேய் இரவு' நடத்தும் நிறுவனத்தாருக்கும்,

என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் மொத்தம் ஐந்து வரி. கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டுவது அனுபவத்தின் ஒரு பகுதி என்கிறீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள் என்கிறீர்கள். கடைசி வரியில், வரவேற்பு நன்றாக இருப்பதால் இனி வாரத்துக்கு மூன்று இரவுகள் நடத்தப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த மேடையில் 14 வருடம் லைட் போட்டவன் நான். எந்தப் படியில் பலகை ஆடும், எந்தச் சுவிட்சைத் தொட்டால் சுரீரென்று கை உதறும் என்பதெல்லாம் இன்னும் கண்ணை மூடினால் தெரிகிறது. பேய்க்கதைகளும் எனக்குப் புதிதில்லை. ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு, மாடத்தில் ஒரு நாற்காலி தானாக மடங்கும் சத்தத்தை நானே பல இரவுகள் கேட்டிருக்கிறேன். அதனால் பேய்க்கதை சொல்லாதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. நாடகக்காரர்களுக்குப் பேய் என்றால் வீட்டு ஆள் மாதிரி. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 'சாம்பல் நிற மனிதர்' என்று ஒருவரைச் சொல்வார்கள். பட்டப்பகலில் மேல் மாடத்தில் நடந்து போவாராம். அவர் கண்ணில் பட்டால் அந்த நாடகம் நன்றாக ஓடும் என்று நடிகர்கள் சந்தோஷப்படுவார்களாம். அப்படிப்பட்ட கதைகளோடுதான் நானும் வளர்ந்தேன். உங்கள் நிகழ்ச்சிக்கு ஆசையாகத்தான் டிக்கெட் வாங்கினேன், என் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கூடத்தின் இடது பக்க அவசர வழி. இரட்டைக் கதவு, குறுக்கே இடுப்பு உயரத்தில் தள்ளு கம்பி. கையாலோ உடம்பாலோ தள்ளினால் போதும், திறந்துகொள்ளும். அந்தக் கம்பியைச் சுற்றி மூன்று சுற்றுச் சங்கிலி. வெளியே தெரியாமல் இருக்கக் கறுப்புத் துணி சுற்றியிருந்தீர்கள். துணிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பூட்டு ஜில்லென்று இருந்தது, புதுசு. மேலே பச்சையாக எரியும் 'வழி' விளக்கின் மேல் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. காகிதத்தின் ஒரு ஓரம் மட்டும் டேப் விட்டுப்போய், அந்த இடுக்கில் பச்சை வெளிச்சம் நூல் மாதிரி கசிந்துகொண்டிருந்தது. அந்த இருட்டில் வெளியே போகும் வழிக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான். "அப்பா, சங்கிலி நிஜமாகவே பூட்டியிருக்கா, இல்ல செட்டா?" என்று என் மகள் கேட்டாள். நிஜம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலது பக்கக் கதவும் அப்படியே. உள்ளே நாங்கள் எண்பது பேருக்கு மேல் இருந்திருப்போம். திறந்திருந்தது நாங்கள் வந்த முன்வாசல் ஒன்றுதான். அதையும் எங்களுக்குப் பின்னால் படாரென்று சாத்தி, தாழ்ப்பாள் போடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் கேட்க வைத்தீர்கள். ஒரு பெரியவர் மூச்சு வாங்குகிறது, வெளியே போக வேண்டும் என்று கேட்டார். "இன்னும் பத்து நிமிஷம்தான் சார், இப்ப கதவைத் திறந்தா எல்லாருக்கும் எஃபெக்ட் போயிடும்" என்றார் உங்கள் வழிகாட்டிப் பையன். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் சொன்னான். அந்தப் பெரியவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். யாரோ கைப்பையால் விசிறினார்கள்.

நாடக அரங்குகளைப் பற்றி உலகத்தில் இத்தனை பேய்க்கதைகள் ஏன் இருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவற்றில் சில இப்படிப் பூட்டிய கதவுகளில்தான் தொடங்குகின்றன.

1903 டிசம்பர் 30. சிகாகோவில் இரோகுவாய் என்ற புத்தம் புது அரங்கு. திறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. தீப்பிடிக்கவே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். விடுமுறை நாளின் மதியக் காட்சி, வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மேடை விளக்கு ஒன்றிலிருந்து தெறித்த பொறி படுதாவைப் பற்றிக்கொண்டது. மேடைக்கும் கூடத்துக்கும் நடுவே இறங்க வேண்டிய தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் வழிகள் சில அலங்காரத் திரைச்சீலைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. இதுதான் வழி என்று காட்டும் பலகைகள் இல்லை. சில கதவுகளின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்றே மக்களுக்குப் புரியவில்லை. மாடத்தில் உட்கார்ந்தவர்கள் கீழே இறங்கி, அதிக விலை டிக்கெட்காரர்களின் இடத்துக்கு வந்துவிடக் கூடாது என்று படிக்கட்டுகளில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். 602 பேர் இறந்துபோனார்கள். அந்த அரங்கின் பின்பக்கச் சந்தில் இன்றைக்கும் ஆவிகள் நடமாடுவதாகப் பேச்சு உண்டு. அங்கேயும் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய்க் கதை சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிற ஒருவருக்கு அங்கே கதவுகள் பூட்டியிருந்தன என்பதாவது தெரிந்திருக்கும்.

நீங்கள் சங்கிலி சுற்றியிருக்கிறீர்களே, அந்தத் தள்ளு கம்பிக்கும் இந்தத் தீக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி அன்றைக்கு அந்த நாடகத்துக்குப் போக இருந்தவர். வேறு வேலை வந்ததால் போகவில்லை. திறக்க முடியாத கதவுகளுக்குப் பின்னால் அத்தனை பேர் செத்துக் கிடந்த செய்தி அவர் மனதைப் போட்டு உலுக்கிவிட்டது. ஹென்றி டியூபாண்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, உள்ளே இருப்பவர்கள் தள்ளினாலே திறக்கிற கம்பி ஒன்றை உருவாக்கி 1908இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். உங்கள் கதவில் இருப்பது அந்த வகைக் கம்பிதான்.

தீப்பிடித்தால்தானே ஆபத்து, நாங்கள் தீயே உபயோகிப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் 1883 ஜூன் 16 அன்று விக்டோரியா ஹாலில் தீயும் இல்லை, புகையும் இல்லை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி முடிந்து பரிசு கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். மாடத்திலிருந்த பிள்ளைகள் பரிசு கிடைக்காமல் போய்விடுமோ என்று படிக்கட்டில் ஓடி வந்தார்கள். கீழே இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் அதில் சிக்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழ, 183 குழந்தைகள் மூச்சு முட்டிச் செத்தார்கள். அங்கே பயம்கூட இல்லை, சந்தோஷத்தில் ஓடினார்கள். நீங்களோ இருட்டில் எண்பது பேரை நிறுத்தி, அலற வைத்து, ஓட வைப்பதற்கென்றே ஆட்களை முகமூடி போட்டு அனுப்புகிறீர்கள். அவர்கள் நிஜமாகவே ஓடினால் எங்கே போய் முட்டுவார்கள்? அந்தச் சங்கிலியில்தானே?

அடுத்து மேடை நடுவில் இருந்த அந்த ஒற்றை விளக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு ஸ்டாண்டில் ஒரு பல்பை மட்டும் மேடை நடுவில் எரிய விட்டுப் போவது நாடக உலகில் ரொம்பக் காலமாக இருக்கிற வழக்கம். பேய் விளக்கு என்றே அதற்குப் பெயர். ஆவிகள் வந்து நடிக்கட்டும் என்று அதை ஏற்றி வைக்கிறோம் என்பார்கள். நிஜக் காரணம் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். காலையில் முதலில் வருகிறவரோ, இரவில் மறந்துபோன சாவியை எடுக்க வருகிறவரோ இருட்டில் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாது. 2020இல் நோய்த்தொற்றுக்குப் பயந்து உலகம் முழுவதும் அரங்குகளை மூடியபோதுகூட, ஆளில்லாத எத்தனையோ மேடைகளில் இந்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. 14 வருடமும் கடைசியாகக் கிளம்புகிற ஆள் நானாக இருந்தால், அதை ஏற்றிவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அந்த ஸ்டாண்டை அன்றைக்கு ஒப்பனை அறை வராந்தாவில் பார்த்தேன். பல்பைக் கழற்றிவிட்டு, பஞ்சை இழுத்து ஒட்டடை மாதிரி சுற்றி, அதன் மேல் ஒரு பொம்மைத் தலையைச் செருகி வைத்திருந்தீர்கள். மேடையில் கும்மிருட்டு. எங்களை மேடை மேலேயே ஏற்றி, கையைக் கோத்து வட்டமாக நிற்கச் சொன்னார்கள். திடீரென்று பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்ததும் எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். என் பக்கத்தில் நின்ற இளைஞனின் குதிகால் மேடை விளிம்பைத் தாண்டிவிட்டது. விளிம்பு எங்கே முடியும் என்று என் காலுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். ஒரு பொத்தான் அறுந்து பள்ளத்துக்குள் விழுந்தது. கீழே தரையில் பட்டு அது டக்கென்று கேட்கும்வரை இருந்த இடைவெளியை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே "தேங்க்ஸ் அங்கிள், சூப்பர் எஃபெக்ட்" என்றான். அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டான். அங்கே வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தங்களைக் கூட்டிவந்தவர்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பார்கள் என்று நம்பித்தான் மக்கள் பயப்படவே வருகிறார்கள்.

ஒப்பனை அறைகளுக்குப் போகும் வராந்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வந்ததும் பலருக்குத் தலை பாரமாக இருந்தது. எனக்கும்தான். ஒரு பெண்ணுக்குக் குமட்டல் வந்தது. "தலை கனக்கிறதா? அவள் உங்கள் பக்கத்தில் நிற்கிறாள் என்று அர்த்தம்" என்று வழிகாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆனால் வராந்தாவின் கடைசி ஜன்னலுக்கு வெளியே உங்கள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலின் ஒரு கண்ணாடி உடைந்து ரொம்ப நாளாகிறது. புகை உள்ளே வந்ததா என்று அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. நீங்கள் அளந்து பார்த்தீர்களா?

1921இல் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதையை எழுதினார். அந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து தலைவலி, சோர்வு, ஆளில்லாத இடத்தில் காலடிச் சத்தம், அறைக்குள் உருவங்கள். செடிகள்கூட வாடின. பேய் பிடித்த வீடு என்றே நம்பிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அதன் புகை வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. எல்லாம் கார்பன் மோனாக்ஸைடு செய்த வேலை. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது, இந்தத் தலைவலி எங்கிருந்து வருகிறது என்று யாரோ கேட்ட கேள்விதான். உங்கள் நிகழ்ச்சியில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆளே அதற்குப் பேய் என்று பதில் சொல்லிவிடுகிறார்.

இதே போலப் பொறியாளர் விக் டாண்டி பற்றியும் படித்திருக்கிறேன். அவர் வேலை பார்த்த ஆய்வகத்தில் பலருக்கும் ஒரு நடுக்கம், அவருக்கோ ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம். ஒரு நாள் வாட்போட்டிக்கான தன் மெல்லிய கத்தியைப் பட்டறைக் கவ்வியில் இறுக்கி வைத்திருந்தபோது அது தானாக அதிர்வதைப் பார்த்தார். தேடிப் போனால், புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் ஃபேன் நொடிக்குச் சுமார் 19 தடவை அதிரும், காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998இல் இதைக் கட்டுரையாகவும் எழுதினார். பழைய அரங்கில் ஃபேன், குழாய், சுரங்க வழி எல்லாம் ஏராளம். உங்கள் வழிகாட்டிகள் இதையும் சொன்னால் கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும். எனக்குப் பேய்க்கதையை விட இந்தக் கதைதான் அதிகம் சிலிர்ப்பாக இருக்கிறது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

மேடைக்கு மேலே இருக்கும் பரணில், கயிறுகளுக்கு நடுவில் எங்களைக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கச் சொன்னார்கள். காதல் தோல்வியில் அங்கே தூக்குப் போட்டுக்கொண்ட ஒரு கயிற்றுக்காரனின் ஆவி அங்கே தொங்குகிறது என்றார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு துணிப் பொம்மையை இறக்கினீர்கள். எல்லாரும் கத்தினார்கள், அப்புறம் சிரித்தார்கள்.

அவரை எனக்குத் தெரியும். படுதா ஏற்றி இறக்கும் வேலையில் என்னை விட இருபது வயது மூத்தவர். அண்ணே என்றுதான் நாங்கள் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் தூக்குப் போட்டுக்கொள்ளவில்லை. பரணின் நடைபலகையில் ஒரு இடத்தில் கைப்பிடிக் கம்பி கழன்றிருந்தது. அதைச் சரி செய்யச் சொல்லி அவர் இரண்டு தடவை சொன்னது எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டாவது தடவை நானும் கூடவே போயிருந்தேன். ஒரு ஒத்திகை நாளில் அந்த இடத்தில்தான் தவறி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து ஆறடி தள்ளி நான் ஒரு விளக்கைத் திருகிக்கொண்டிருந்தேன். அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்த ஆட்கள். அவர்களில் ஒருவர் உங்களிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரலாம். வந்து அந்தப் பொம்மை இறங்குவதைப் பார்க்கலாம். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்கள் பழைய சம்பளப் பதிவேட்டில் இருக்கும்.

அரங்கில் இறந்தவர்களின் கதையைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம். லண்டன் அடெல்பி அரங்கின் நடிகர் வில்லியம் டெரிஸ் 1897 டிசம்பர் 16 அன்று மேடைக் கதவருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் ஆவி அங்கே வருவதாக ரொம்பக் காலமாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர் பெயர் என்ன, யார் கொன்றார், எங்கே விழுந்தார் என்பதைக் கதை கேட்கிற எல்லாரும் தெரிந்துகொண்டுதான் போகிறார்கள். அந்த இடத்தில் சுவரில் ஒரு நினைவுப் பலகையும் இருக்கிறது. எங்கள் அண்ணனுக்கு நீங்கள் வைத்திருப்பது ஒரு துணிப் பொம்மையும் ஒரு பொய்யும். கழன்ற கம்பியைக் காதல் தோல்வியாக மாற்றினால் கதை சுவையாகிறது என்பது புரிகிறது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் அதோடு காணாமல் போகிறது, அதுவும் எனக்குப் புரிகிறது.

அரங்குக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கூரை ஒழுகுகிறது, நாடகம் பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பேய் இரவு டிக்கெட்டால் அந்தக் கட்டடம் இடிபடாமல் நிற்கும் என்றால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான். ஆனால் சம்மதப் படிவத்தைக் காட்டாதீர்கள். பயப்படத்தான் அதில் கையெழுத்துப் போட்டோம். அந்தப் படிவத்தில் அவசர வழி பூட்டியிருக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. இருந்திருந்தால் என் மகளை உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

இனி என் கோரிக்கைகள். சங்கிலிகளை அடுத்த நிகழ்ச்சிக்கு முன் அறுத்தெறியுங்கள், வழி விளக்குகளின் மேல் ஒட்டிய காகிதத்தை உரித்துவிடுங்கள். இதற்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுக்க வேண்டிய அவசியமில்லை, ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். நிகழ்ச்சி தொடங்கும் முன் எல்லா வழிகளையும் வந்தவர்களுக்குக் காட்டுங்கள். வெளியே போக வேண்டும் என்று யார் கேட்டாலும், காரணம் கேட்காமல் அந்த நிமிடமே கூட்டிக்கொண்டு போங்கள். இவை முடியும்வரை பேய் இரவுகளை நிறுத்தி வையுங்கள். தீயணைப்புத் துறையை அழைத்து, எத்தனை பேர்வரை உள்ளே விடலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஜெனரேட்டரை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், கார்பன் மோனாக்ஸைடு காட்டும் கருவியை அந்த வராந்தாவில் மாட்டுங்கள். மேடை மேல் ஆட்களை ஏற்றுவதாக இருந்தால் பள்ளத்தைப் பலகை போட்டு மூடுங்கள்.

அந்தத் துணிப் பொம்மையைக் கழற்றுங்கள். அண்ணன் குடும்பத்தைத் தேடிப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், அவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் எழுதி மேடைப் பக்கச் சுவரில் ஒரு பலகை வையுங்கள். பரணின் கைப்பிடிக் கம்பி இப்போதாவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த விளக்கு ஸ்டாண்டிலிருந்து பஞ்சையும் பொம்மைத் தலையையும் எடுத்துவிட்டு, மேடை நடுவில் இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். வயரிங் கெட்டிருந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

15 நாள் காத்திருப்பேன். அதற்குள் சங்கிலிகள் அகலவில்லை என்றால் நான் எடுத்து வைத்திருக்கும் படங்களோடு தீயணைப்புத் துறைக்குப் புகார் கொடுப்பேன். உங்கள் பதிலை இந்த முறை எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், வரிசையில் நிற்கிறவர்கள் படிக்கிற மாதிரி ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அரங்கின் முன்னாள் விளக்குப் பணியாளர்